ஓக் வாடல் நோய்: பக்கத்து வீட்டு அகழிக்கு நாம் ஏன் பங்கு கொடுக்க வேண்டும்?

டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின், ரவுண்ட் ராக், சீடார் பார்க் பக்கம் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அந்தப் பகுதிகளில் குடியிருப்போர் சங்கத்திடமிருந்தோ நகர நிர்வாகத்திடமிருந்தோ ஒரு நாள் இப்படி ஒரு கடிதம் வரக்கூடும்: "தெருவில் ஓக் வாடல் நோய் உறுதியாகியிருக்கிறது. நோயை நிறுத்த அகழி வெட்ட வேண்டும். செலவில் ஒரு பகுதி அரசு உதவியாகக் கிடைக்கும், மீதியை வீட்டுக்காரர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும்."

படித்தவுடன் எழும் கேள்விகள் நியாயமானவை. என் மரம் பச்சையாகத்தானே நிற்கிறது, நான் ஏன் கொடுக்க வேண்டும்? அகழி என் நிலத்தில் வரவே இல்லையே? பொதுப் பிரச்சினை என்றால் அரசே முழுவதும் கொடுக்கலாமே? பதில்கள் எல்லாம் அந்த நோய் மண்ணுக்கடியில் எப்படி நகர்கிறது என்பதில்தான் இருக்கின்றன. அதனால் மரத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

நோய் மரத்துக்குள் என்ன செய்கிறது

ஓக் மரத்துக்குத் தமிழில் கருவாலி என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் அமெரிக்காவில் வாழ்பவர்கள் எல்லோரும் ஓக் என்றே சொல்கிறார்கள், இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஓக் வாடல் ஒரு பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சையின் இன்றைய அறிவியல் பெயர் பிரெட்சியெல்லா ஃபாகசியாரம். 2017 வரை அது செராட்டோசிஸ்டிஸ் என்ற பேரினத்தில் இருந்தது, பழைய கையேடுகளில் அந்தப் பெயரைப் பார்க்கலாம். 1940களில் விஸ்கான்சின் மாநிலத்தில் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது.

வாழை வாடல் நோயைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. பூஞ்சை வேறு, வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட ஒன்று. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களுக்குள் பூஞ்சை நுழைகிறது. அதைத் தடுக்க மரம் தன் குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. அந்தத் தற்காப்பே கடைசியில் மரத்தின் தண்ணீரை நிறுத்திவிடுகிறது.

எல்லா ஓக்கும் ஒரே மாதிரி சாவதில்லை:

1. சிவப்பு ஓக் வகைகள்: அறிகுறி தெரிந்த சில வாரங்களில் மரம் முழுவதும் காய்ந்துவிடும். பிழைப்பது மிக அரிது.
2. லைவ் ஓக்: மத்திய டெக்சஸின் அடையாளமே இந்த மரம்தான். பெரும்பாலானவை 3 முதல் 6 மாதங்களில் சாகும். சில மரங்கள் பாதிக் கிளைகளை இழந்து வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இதன் இலையில் நரம்புகள் மட்டும் மஞ்சளாகி அல்லது பழுப்பாகி, இடையில் பச்சை அப்படியே இருக்கும். இந்த அடையாளம் தெரிந்தால் வீட்டுக்காரரே முதலில் சந்தேகப்படலாம்.
3. வெள்ளை ஓக் வகைகள்: நோய்க்கு ஓரளவு ஈடு கொடுப்பவை, மெதுவாகத்தான் பாதிக்கப்படும்.

செய்திகளில் இன்னொரு நோயும் அடிபடும்: கலிபோர்னியா, ஒரேகான் கடற்கரைப் பகுதிகளில் உள்ள "திடீர் ஓக் மரணம்". அதற்குக் காரணம் ஃபைட்டோஃப்தோரா ராமோரம் என்ற வேறொரு நுண்ணுயிர். அது மழைத்துளியிலும் காற்றிலும் அடித்துச் செல்லப்பட்டுப் பரவுவது, அகழி வெட்டி அதை நிறுத்த முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் செலவுக் கணக்கும் தப்பாகிவிடும்.

நோய் நகரும் இரண்டு வழிகள்

முதல் வழி, வண்டு. செத்துக்கொண்டிருக்கும் சிவப்பு ஓக்கின் பட்டைக்கடியில் பூஞ்சை மெத்தை மாதிரி வளர்ந்து, பட்டையைப் பிளக்கிறது. அதிலிருந்து புளித்த பழத்தின் வாசனை வரும். மரச்சாறு குடிக்கும் சிறு வண்டுகள் அந்த வாசனைக்கு வந்து, உடம்பில் வித்துகளை ஒட்டிக்கொண்டு, வேறெங்கோ புதிதாக வெட்டுப்பட்ட ஓக் மரத்தில் போய் உட்காரும். அங்கே புதிய நோய் மையம் ஒன்று பிறக்கும். டெக்சஸில் பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக் மரத்தைக் கவாத்து செய்யாதீர்கள், எந்த மாதமானாலும் வெட்டிய உடனே காயத்துக்குப் பெயின்ட் பூசுங்கள் என்று வனத்துறை வலியுறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது வழி, வேர். டெக்சஸில் அதிக மரங்களைக் கொல்வது இந்த வழிதான். பக்கத்துப் பக்கத்து ஓக் மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும். லைவ் ஓக் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே வேரிலிருந்து பல மரங்களாக முளைத்துத் தோப்பாக நிற்கும். மேலே பார்த்தால் இருபது மரம், கீழே ஒரே குடும்பம். ஒரு மரத்துக்குள் வந்த பூஞ்சை அந்த வேர் வழியே அடுத்த மரத்துக்குப் போகிறது. லைவ் ஓக் கூட்டங்களில் சராசரியாக ஆண்டுக்கு 75 அடி எல்லாத் திசையிலும் பரவுகிறது.

75 அடி என்பது நடுத்தர வீட்டு மனை ஒன்றின் அகலம். அதாவது ஆண்டுக்கு ஒரு வீடு. மரம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது வேருக்குத் தெரியாது. இந்த நோயில் "என் மரம்" என்ற கணக்கு முதல் நாளிலேயே உடைந்துவிடுகிறது.

அகழி எப்படி வேலை செய்கிறது

வேர் வழியாக வரும் நோயை நிறுத்த வேரைத்தான் துண்டிக்க வேண்டும். நோய் மையத்தைச் சுற்றி, அறிகுறி தெரியும் கடைசி மரத்திலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி, குறைந்தது 4 அடி ஆழத்துக்கு அகழி வெட்டுவதுதான் டெக்சஸில் பரிந்துரைக்கப்படும் முறை. அந்த ஊர் மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறை என்பதால் பாறையை அறுக்கும் இயந்திரம் தேவைப்படுகிறது. மினசோட்டாவின் மணற்பாங்கான பகுதிகளிலோ, அதிர்ந்துகொண்டே மண்ணைக் கிழிக்கும் 5 அடி நீளக் கத்தி பொருத்திய கலப்பை இயந்திரம் போதுமானதாக இருக்கிறது. வெட்டியதும் மண்ணைத் திரும்பத் தள்ளி மூடிவிடலாம். வேர் அறுபட்டால் போதும், பள்ளம் திறந்து கிடக்கத் தேவையில்லை.

ஏன் 100 அடி தள்ளி? இலையில் அறிகுறி தெரியும்போது, பூஞ்சை வேர் வழியே அதைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் எல்லையில் வெட்டினால் நோய் அகழிக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும்.

இந்த 100 அடிப் பட்டைக்குள் பச்சையாக நிற்கும் மரங்கள் பெரும்பாலும் கைவிடப்பட்ட மரங்கள். தடுப்பு உறுதியாக இருக்க அவற்றையும் வேரோடு பிடுங்கச் சொல்வதுண்டு. அக்கம்பக்கத்துச் சண்டைகள் ஆரம்பிக்கும் இடம் இதுதான். தாத்தா காலத்து மரம் ஒன்று கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டவருக்கும், அதே கோட்டுக்கு வெளியே தப்பிப் பிழைத்தவருக்கும் இந்த அகழி ஒரே பொருளல்ல. இழப்பவரின் மனக்கசப்பைப் பேராசை என்று ஒதுக்குவது அநியாயம். செலவைப் பகிரும் எந்தத் திட்டமும் முதலில் அவருடைய இழப்பை ஒப்புக்கொண்டு பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செலவுக் கணக்கு: ஒரு கற்பனைத் தெரு

இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை, எந்த ஊரின் விலைப்பட்டியலும் அல்ல. ஒரு தெருவில் பத்து வீடுகள். தேவையான அகழியின் நீளம் 1,000 அடி. அடிக்கு 10 டாலர் என்றால் மொத்தம் 10,000 டாலர். அரசு உதவி 40 சதவீதம் கிடைத்தால், வீட்டுக்காரர்கள் கொடுக்க வேண்டியது 6,000.

இதை எப்படிப் பிரிப்பது?

1. அகழி யார் நிலத்தில் ஓடுகிறதோ அவர்களே கொடுப்பது. கேட்க நேராகத் தெரியும். ஆனால் அகழி நான்கு வீடுகளின் பின்புறம் மட்டுமே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நால்வருக்கும் ஆளுக்கு 1,500 டாலர், கூடவே தோட்டம் நாசம், உள்ளே மாட்டிய மரங்களும் நஷ்டம். வெளியே இருக்கும் ஆறு பேருக்கு மரம் முழுவதும் பிழைக்கிறது, செலவு சுழியம். இது நிலைக்காது.

2. பத்து பேரும் சமமாகக் கொடுப்பது. ஆளுக்கு 600 டாலர். எளிமையானது, பெரும்பாலும் நடப்பதும் இதுதான். ஓக் மரமே இல்லாத வீட்டுக்காரர் மட்டும் முறையிடுவார்.

3. யாருக்கு எத்தனை மரம் காப்பாற்றப்படுகிறதோ அந்த விகிதத்தில் கொடுப்பது. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. மரங்களை எண்ணி, வயதையும் அளவையும் பார்த்து ஒப்புக்கொள்ள நாளாகும் என்பதுதான் இதன் குறை.

அடுத்த கட்டம் முக்கியமானது. பத்து பேரில் ஒருவர் மறுக்கிறார். அவருடைய நிலத்தில் 150 அடி அகழி வர வேண்டும். அந்த 150 அடியை விட்டுவிட்டு மீதி 850 அடியை வெட்டினால் 85 சதவீதப் பலன் கிடைக்குமா? கிடைக்காது. விட்ட இடைவெளி வழியாக வேர் நோயைக் கடத்திவிடும், நேரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம், அவ்வளவுதான். அணையில் ஒரு மடை திறந்திருப்பதைப் போல.

எனவே மற்ற ஒன்பது பேர் அவருடைய வீட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அகழி 1,300 அடியாகிறது என்று கொள்வோம். மொத்தம் 13,000 டாலர், அரசு உதவி போக 7,800. ஒன்பதால் வகுத்தால் ஆளுக்கு சுமார் 867 டாலர். மறுத்தவரின் மரங்களும் போச்சு.

மாறாக, அவருடைய 600 டாலரை அந்த ஒன்பது பேரே ஏற்றுக்கொண்டால்? ஆளுக்குக் கூடுதலாக 67 டாலர், மொத்தம் 667. சுற்றிப் போவதைவிட ஆளுக்கு 200 டாலர் மிச்சம், ஒரு வீட்டு மரங்களும் பிழைக்கும். பணம் கொடுக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரருக்காகச் சேர்த்துக் கொடுப்பதில் இரக்கமும் இருக்கிறது, தன் சொந்த லாபமும் இருக்கிறது. செலவுப் பகிர்வுத் திட்டங்களின் அடிப்படைத் தர்க்கத்தை ஒரே வரியில் கேட்டால் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். அரசு கொடுக்கும் 40 சதவீதமும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது: தயங்கி நிற்கும் கடைசி ஆளை உள்ளே கொண்டுவருகிறது.

தாமதத்தின் விலை

நோய் மையத்திலிருந்து அகழிக் கோடு 200 அடி ஆரத்தில் இருக்கிறது என்று வைத்தால், வட்டத்தின் சுற்றளவு சுமார் 1,257 அடி. ஒரு வருடம் கூட்டம் போட்டே கழிந்தால், ஆண்டுக்கு 75 அடி என்ற வேகத்தில் அந்த ஆரம் 275 அடி ஆகிவிடும். சுற்றளவு சுமார் 1,728 அடி. வெட்டும் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏறிவிட்டது. கைவிட வேண்டிய நிலப்பரப்போ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அரசுப் பணம் ஏன் வருகிறது, ஏன் பாதியோடு நிற்கிறது

அமெரிக்காவில் கூட்டு வன உதவிச் சட்டம் 1978இல் வந்தது. தனியார் நிலத்திலும் மாநில நிலத்திலும் உள்ள மரங்களின் பூச்சி, நோய்க் கட்டுப்பாட்டுக்கு மத்திய வனத்துறை மாநிலங்களோடு செலவைப் பகிர இந்தச் சட்டம் வழி செய்கிறது. டெக்சஸின் ஓக் வாடல் கட்டுப்பாட்டுத் திட்டம் 1988இல் தொடங்கியது. மத்திய வனத்துறை பணம் தர, மாநில வனச் சேவை நோயை உறுதிசெய்து, அகழிக் கோட்டைக் குறித்துக் கொடுத்து, செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் அமைப்பு அது. ஆஸ்டின் போன்ற நகரங்களும் தங்கள் பங்குக்கு ஆட்களைப் போட்டு அக்கம்பக்கத்தாரைச் சேர்த்து வைத்தன.

பொதுப் பணத்துக்கு நியாயம் இருக்கிறது. அகழியால் பிழைக்கும் மரங்களில் பல, செலவைக் கொடுக்காதவர்களின் நிலத்தில் நிற்பவை. மத்திய டெக்சஸில் மட்டுமே கூடு கட்டும் தங்கக் கன்னப் பாடும் பறவை 1990இல் அழிவு நிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஓக்கும் ஜூனிப்பரும் கலந்த காடுதான் அதன் வீடு. அந்தக் காட்டின் பெரும்பகுதி தனியார் நிலத்தில் இருக்கிறது.

முழுச் செலவையும் அரசே ஏற்கும் இடங்களும் உண்டு, ஆனால் அங்கே சூழ்நிலை வேறு. நியூயார்க் மாநிலத்தில் இந்த நோய் முதலில் 2008இல் கிளென்வில் ஊரில் கண்டுபிடிக்கப்பட்டது. மாநிலச் சுற்றுச்சூழல் துறை அவசர ஆணை பிறப்பித்து, மரங்களை வெட்டி, அந்தப் பகுதியிலிருந்து ஓக் மரக்கட்டை வெளியே போகத் தடை விதித்தது. 2016இல் மாநிலத்தின் வேறு சில இடங்களில் நோய் தெரிந்தபோதும் அதே முறைதான். நோய் புதிதாக நுழையும் இடத்தில் அதை முற்றாக ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது, அதற்கு அரசு தன் கையிலிருந்து செலவழிக்கிறது. டெக்சஸ், மினசோட்டா, விஸ்கான்சினில் நோய் ஊன்றிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அங்கே ஒழிப்பது இயலாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். முடிவே இல்லாத அந்த வேலைக்கு முழுப் பணம் தர எந்தக் கருவூலமும் முன்வருவதில்லை. கனடாவில் 2023இல்தான் நயாகரா நீர்வீழ்ச்சிப் பகுதியில் இது முதல்முறை உறுதியானது. அவர்கள் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறார்கள்.

மினசோட்டாவில் இன்னொரு வழியும் உண்டு. நோயுற்ற மரத்தை அகற்றும் செலவை நகரமே முதலில் செய்துவிட்டு, அதைச் சொத்து வரியோடு சேர்த்துச் சில வருடங்களில் வசூலிக்கலாம். மொத்தமாகக் கையில் பணம் இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல்.

திட்டங்களில் எங்கே இடறுகிறது

செலவழித்த பிறகு திருப்பித் தரும் முறையில், முழுத் தொகையையும் முதலில் வீட்டுக்காரர் புரட்ட வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு "அப்புறம் 40 சதவீதம் வரும்" என்ற வாக்குறுதி இயந்திரக்காரருக்குக் கொடுக்க உதவாது. உதவி தேவைப்படுபவருக்கே அது எட்டாமல் போகிறது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். மினசோட்டாவின் வரித் தவணை முறையை மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வீடுகள் இன்னொரு சிக்கல். குடியிருப்பவருக்கு அனுமதி தரும் உரிமை இல்லை, உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார், கடிதம் பதில் இல்லாமல் கிடக்கும். அகழியில் இடைவெளி விழப் பணத் தகராறே தேவையில்லை, பதில் வராத ஒரு கடிதம் போதும்.

அப்புறம், அகழி வண்டை நிறுத்தாது. செத்த சிவப்பு ஓக்கை அப்படியே விட்டுவிட்டு அகழிக்கு மட்டும் பணம் கொடுத்தால், நோய் பறந்து வெளியே போகும். சிவப்பு ஓக்கை உடனே அகற்றுவதற்கும் சேர்த்துப் பங்கு தரும் திட்டமே முழுமையானது.

மருந்து ஊசி அகழிக்கு மாற்றா?

புரோப்பிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியை மரத்தின் அடிப்பகுதி வேர்த்தூரில் ஊசி மூலம் செலுத்துவார்கள். நோய் வருவதற்கு முன் செலுத்தினால் லைவ் ஓக் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது அந்த மரத்தைக் காப்பாற்றும், வேர் வழியே நோய் அடுத்த மரத்துக்குப் போவதை நிறுத்தாது. பொதுப் பணம் அகழிக்கும், தனிப்பட்ட பணம் ஊசிக்கும் போவது சரியான பிரிவினை என்று நினைக்கிறேன். அகழிக்கு உள்ளே மாட்டிக்கொண்ட அருமையான மரத்துக்கு ஊசி போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அந்த ஒரு மரத்தின் ஊசிச் செலவைத் தெருவே ஏற்றுக்கொண்டால், உள்ளே மாட்டிய வீட்டுக்காரரின் சம்மதம் சீக்கிரம் கிடைக்கும்.

கடிதம் வந்தால் கேட்க வேண்டியவை

1. நோய் ஆய்வகத்தில் உறுதியானதா, பார்வையில் மட்டும் சொன்னதா? வறட்சியும் வேறு நோய்களும் இதே மாதிரி இலையைக் காய வைக்கும்.
2. அகழிக் கோட்டை யார் குறித்தார்கள்? அறிகுறி மரத்திலிருந்து 100 அடி இருக்கிறதா? வாகனப் பாதை, கட்டடம் குறுக்கிட்டால் அங்கே என்ன செய்யப் போகிறார்கள்?
3. அரசு உதவிக்கு வேலை தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்க வேண்டுமா? முதலில் வெட்டிவிட்டு விண்ணப்பித்தால் பணம் கைநழுவலாம்.
4. முன்பணம் யார் போடுகிறார்கள்? முடியாதவருக்குத் தவணை உண்டா?
5. மண்ணுக்கடியில் எரிவாயு, தண்ணீர், மின்கம்பிகள் குறிக்கப்பட்டனவா? அமெரிக்காவில் தோண்டுவதற்கு முன் 811 என்ற எண்ணை அழைத்தால் இலவசமாக வந்து குறித்துக் கொடுப்பார்கள். கழிவுநீர்த் தொட்டிக் குழாய் போன்ற உங்கள் சொந்த இணைப்புகளை அவர்கள் பெரும்பாலும் குறிக்க மாட்டார்கள், அதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.
6. வெட்டிய சிவப்பு ஓக் கட்டை எங்கே போகிறது? ஒரு வருடம் காயாத விறகை வேறு ஊருக்கு எடுத்துப் போகவே கூடாது. வீட்டில் அடுக்கினால் ஒளி புகும் பிளாஸ்டிக் தாளால் முழுவதும் மூடி, ஓரங்களை மண்ணில் புதைக்க வேண்டும், அப்போதுதான் வண்டு உள்ளே போகவும் முடியாது, உள்ளே இருப்பது வெளியே வரவும் முடியாது.